பழம்பொருள் கடையில் பழைய வானொலி வாங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பினாங்கிலும் கோலாலம்பூரிலும் பழைய வானொலிப் பெட்டி தேடி அலையும் நண்பர்கள் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளையும், அவர்களுக்கு நான் சொன்ன விடைகளையும் இங்கே தொகுத்திருக்கிறேன். நான் மின்பொறியாளன் அல்லன். பினாங்கின் ஜார்ஜ்டவுனில் ஓய்வுபெற்று வாழும் பள்ளி ஆசிரியன். பதினைந்து ஆண்டுகளில் வாங்கிச் சேர்த்த பெட்டிகளில் பாதிக்கு மேல் கூடுதல் விலை கொடுத்து வாங்கியவை என்பதுதான் இதை எழுத எனக்குள்ள தகுதி.

ஒரு பழைய வானொலிக்கு 900 வெள்ளி (ரிங்கிட்), 1,200 வெள்ளி என்று கேட்கிறார்களே, அது ஏன்?

கடைக்காரர் விற்பது வானொலி அன்று, வீட்டு அலங்காரப் பொருள். இதைப் புரிந்துகொண்டால் அவர்மீது வரும் கோபம் பாதி தணிந்துவிடும்.

ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் நெடுங்காலம் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் கீழ் இருந்தன. அச்சட்டம் நீக்கப்பட்டு 2000ஆம் ஆண்டு தொடக்கத்தில் கட்டுப்பாடு முடிவுக்கு வந்தபோது வாடகை ஏறியது. தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்தவர்கள் பலர் வெளியேறினர். 2008இல் நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற பிறகு தங்கும் விடுதிகளும் காப்பிக் கடைகளும் பெருகின. அத்தகைய இடங்களை அலங்கரிப்பவருக்குத் தேவையானது மெருகேறிய மரப்பெட்டி, கண்ணாடியில் ஊர்ப்பெயர்கள், இரண்டு பெரிய குமிழ்கள். பெட்டி பாடுகிறதா என்று அவர் கேட்பதில்லை. கேட்காதவரிடம் விற்றுப் பழகிய கடைக்காரர், கேட்கும் நம்மிடமும் அதே விலையைத்தான் சொல்வார்.

அதனால் ஒரே பெட்டிக்கு இரண்டு விலைகள் உண்டு. முன்பக்கத்தைப் பார்த்துச் சொல்லப்படுவது மேசைமேல் வைக்கும் அழகுப் பொருளின் விலை. பின்பக்கத்தைத் திறந்து பார்த்த பின் நாம் கணக்கிடுவது வானொலியின் விலை. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் சில கடைகளில் ஐந்நூறு வெள்ளியைத் தாண்டும்.

அப்படியானால் தேடலை எங்கே தொடங்குவது?

பினாங்கில் ஆர்மீனியன் தெருவையும் அதைச் சுற்றியுள்ள கடைகளையும் முதலில் பாருங்கள். அது வாங்குவதற்காக இல்லை, கண்ணைப் பழக்கிக்கொள்வதற்காக. எந்தப் பெட்டி எப்படி இருக்கும், எந்தக் குமிழ் எந்தப் பெட்டிக்கு உரியது என்பதெல்லாம் அங்கே இலவசமாகக் கற்கக் கூடியவை. பிறகு காலையில் நகர விளையாட்டரங்கை ஒட்டிய லோரோங் கூலிட் சந்தைக்குச் செல்லுங்கள். தரையில் பாய் விரித்துப் பழைய சாமான் விற்பவர்களிடையே, பழுதான மின்விசிறிக்கும் துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டிக்கும் நடுவே வானொலி கிடக்கும். அங்கே விலை குறைவு. குறைவதற்கான காரணமும் பெரும்பாலும் பெட்டிக்கு உள்ளேயே இருக்கும்.

கோலாலம்பூர்க்காரர்களுக்குப் பெட்டாலிங் ஜெயாவின் அம்கார்ப் மாலில் வார இறுதியில் கூடும் பழம்பொருள் சந்தை பழக்கமானது. அங்கே விற்பவர்களில் பலர் தாங்களே சேகரிப்பாளர்கள் என்பதால் ஏமாற்றுவது அரிது, ஏமாறுவதும் அரிது.

எந்தெந்தப் பெட்டிகள் இங்கே கிடைக்கும்?

இந்த மண்ணின் ஒலிபரப்பு வரலாறுதான் கடைகளில் கிடக்கும் சரக்கைத் தீர்மானித்தது. பினாங்கு வானொலிச் சங்கம் 1934இலேயே இசட்.எச்.ஜே. என்ற நிலையத்தைத் தொடங்கி மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பியது. ஆயினும் அக்காலத்தில் பெட்டி வைத்திருந்த குடும்பங்கள் மிகச் சில. போருக்கு முந்தைய பெட்டி இன்று கடையில் தென்பட்டால் அது அரிய பொருள் என்றே கொள்ளலாம். ஜப்பானியர் ஆட்சியில் சிற்றலை (ஷார்ட்வேவ்) கேட்பது தடைசெய்யப்பட்டதோடு, பெட்டிகளின் சிற்றலைப் பகுதியைச் செயலிழக்கவும் செய்தனர். எனவே அக்காலப் பெட்டி ஒன்றில் சிற்றலைச் சுருள் வெட்டப்பட்டிருந்தால், யாரோ கைப்பழக்கம் இல்லாதவர் கெடுத்துவிட்டார் என்று உடனே முடிவு கட்ட வேண்டாம்.

1946இல் மலாயா வானொலி தொடங்கிய பின்னரே பெட்டிகள் பரவலாயின. இன்று நம் கண்ணில் மிகுதியாகப் படுபவை 1950களையும் 60களின் தொடக்கத்தையும் சேர்ந்த, டிரான்சிஸ்டருக்கு முன் பயன்பட்ட கண்ணாடிக் குழாய்களால் இயங்கும் வால்வு வானொலிகள்: ஹாலந்தின் பிலிப்ஸ், பிரிட்டனின் பை, மர்ஃபி, புஷ், ஜி.இ.சி., ஜெர்மனியின் குருண்டிக், டெலிஃபுங்கன். இவற்றுள் வெப்ப நாடுகளுக்கென்று செய்து அனுப்பியவற்றைத் தனியே கவனிக்க வேண்டும். அவற்றில் 60 மீட்டர், 90 மீட்டர் சிற்றலை வரிசைகள் இருக்கும். ஐரோப்பிய வீடுகளுக்குச் செய்த பெட்டிகளில் பெரும்பாலும் அவை இரா. முன்கண்ணாடியில் ஹில்வர்சம், லக்சம்பர்க் என்று ஐரோப்பிய ஊர்ப்பெயர்கள் மட்டுமே நிறைந்திருந்தால், அந்தப் பெட்டி அண்மையில் கொள்கலனில் ஏறி இங்கே வந்திறங்கியதாக இருக்கக்கூடும். ‘பினாங்குச் செட்டியார் வீட்டுப் பெட்டி’ என்று கடைக்காரர் சொல்லும் கதையை அப்போது சற்றே தள்ளி வைத்துக் கேளுங்கள்.

அதன் பின் டிரான்சிஸ்டர் வந்தது. 1954இல் அமெரிக்காவில் முதல் கையடக்க டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டே சோனி தன் முதல் பெட்டியை ஜப்பானில் கொண்டுவந்தது. பத்தே ஆண்டுகளில் நம் தோட்டத்து வீடுகளில் தோல் உறையிட்ட நேஷனல் பெட்டி ஆணியில் தொங்கத் தொடங்கியது. நேஷனலின் தாய் நிறுவனமான மட்சுஷிட்டா 1965இல் ஷா ஆலாமிலேயே தொழிற்சாலை அமைத்தது. இப்பெட்டிகள் இன்னும் மலிவாகவே கிடைக்கின்றன. நினைவுக்காக ஒன்று போதும் என்பவர் இங்கிருந்து தொடங்குவதே நல்லது.

‘ரெடிஃபியூஷன் வானொலி’ என்று ஒரு சிறிய பெட்டியைக் காட்டினார்கள். வாங்கலாமா?

வாங்கலாம், ஆனால் அது வானொலி இல்லை என்று தெரிந்து வாங்குங்கள். ரெடிஃபியூஷன் என்பது கம்பிவழி ஒலிபரப்பு. மாதக் கட்டணம் செலுத்திய வீடுகளுக்கும் காப்பிக் கடைகளுக்கும் கம்பி இழுத்து, அதன் முனையில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியைப் பொருத்தினார்கள். பெட்டிக்குள் ஒலிபெருக்கியும், மின்னழுத்தத்தை மாற்றித் தரும் சிறு டிரான்ஸ்ஃபார்மரும், ஒலியளவுக் குமிழும் மட்டுமே இருக்கும். நிலையத்தைத் தேடிப் பிடிக்கும் உறுப்பு எதுவும் கிடையாது. கம்பி போன பிறகு அது வெறும் பெட்டிதான். அதை 400 வெள்ளிக்கு வாங்கி வந்து, ‘ஒரு நிலையமும் எடுக்கவில்லை, பழுதுபார்க்க முடியுமா’ என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் இருவர். இருவரிடமும் விளக்கிச் சொல்வதற்குள் எனக்குத்தான் சங்கடமாகிவிட்டது. நம் நகர வாழ்க்கையின் சின்னம் என்ற அளவில் அது மதிப்புள்ள பொருள். அந்த மதிப்புக்கு என்ன விலை என்பதை உங்கள் மனம்தான் சொல்ல வேண்டும்.

பின்மூடியைத் திறந்து பார்க்கக் கடைக்காரர் சம்மதிப்பாரா? சம்மதித்தால் எதைப் பார்ப்பது?

சம்மதிக்காத கடையில் வாங்க வேண்டாம். கேட்கும் முறையில் கேட்டால் பெரும்பாலோர் சம்மதிப்பார்கள். பெட்டியின் மின்கம்பி எதிலும் செருகப்படவில்லை என்பதை உங்கள் கண்ணால் உறுதிசெய்துகொண்ட பிறகே கை வையுங்கள். ஒரு சிறு திருப்புளியும் கைவிளக்கும் எப்போதும் என் பையில் இருக்கும். கைப்பேசி விளக்கு நிழல் விழச் செய்வதால் அது எனக்குச் சரிப்பட்டு வரவில்லை.

முதலில் முகர்ந்து பாருங்கள். பழைய பெட்டிக்குத் தூசியும் மெழுகும் கலந்த ஒரு மணம் உண்டு. அது நல்ல மணம். கருகிய வாடை வந்தால் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருக்கலாம். புதிதாகச் சுற்றித் தர ஆள் தேடி அலைய வேண்டிவரும் என்பதால், அந்த ஒரு குறைக்காகவே விலையைப் பாதியாகக் குறைத்துக் கேட்கலாம். நான் முதன்முதலில் வாங்கிய பெட்டியில் டிரான்ஸ்ஃபார்மரே இல்லை. செம்புக் கம்பிக்காக யாரோ அதைக் கழற்றி விற்றிருந்தார்கள். முன்பக்கம் பளபளவென்று மின்னியதால் நான் திருப்பிப் பார்க்கவே இல்லை. 650 வெள்ளி கொடுத்தேன். கடை எது என்று சொல்லப் போவதில்லை. திருப்பிப் பார்க்காதது என் பிழைதானே.

அடுத்து, சேசிஸ் என்னும் உலோகத் தட்டின்மேல் எத்தனை வால்வுகள் இருக்க வேண்டுமோ அத்தனையும் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். காலியான குழி தெரிந்தாலும் அஞ்ச வேண்டாம். 1950களின் ஐரோப்பிய வால்வுகளில் பல இன்றும் கிடைக்கின்றன. உண்மையில் கிடைக்காதவை வேறு: ஊர்ப்பெயர் எழுதிய முன்கண்ணாடி, அந்தப் பெட்டிக்கே உரிய குமிழ்கள், அழுத்துவிசைகளின் முகப்பு. கண்ணாடியில் விரிசல் விழுந்திருந்தாலோ, எழுத்துகள் உரிந்திருந்தாலோ அதைச் சீராக்க வழியில்லை. வால்வு ஒன்று குறைகிறதே என்று பேரம் பேசிவிட்டு உடைந்த கண்ணாடியைக் கவனிக்காமல் வீடு வந்து சேர்ந்தவர்களை அறிவேன்.

மாயக்கண் என்று ஒன்று உண்டு: நிலையம் சரியாகப் பிடிபடும்போது பச்சை ஒளி விரிந்தோ குவிந்தோ காட்டும் சிறு வால்வு. பெட்டிக்கு உயிர் இருப்பதுபோல் தோன்றச் செய்வது அதுதான். நெடுநாள் எரிந்து எரிந்து அதன் ஒளி மங்கிவிடும், இ.எம்.34 போன்ற பழைய வகைகளுக்கு மாற்று வாங்கப் போனால் விலையைக் கேட்டு நமக்கே கண் விரியும்.

நம் ஊருக்கே உரிய சில கேடுகளும் உள்ளன. கடற்காற்றில் சேசிஸ் துருப்பிடிக்கும். ஈரத்தில் மரத்தின் மேலொட்டு உப்பிப் பெயரும். மரம் உளுத்துப் போயிருந்தால் அடிப்பக்கத்தில் சிறு துளைகளும் மாவு போன்ற தூளும் காணப்படும். அந்தப் பெட்டியை வீட்டிற்குள் கொண்டுவந்தால் உங்கள் அலமாரியும் அதே கதிக்கு ஆளாகும். பல்லி முட்டையும் கரப்பான் எச்சமும் கிடந்தால் பொருட்படுத்த வேண்டாம், துடைத்தால் போய்விடும். ஆனால் எலி கடித்த கம்பிகளும், விரல் பட்டதும் பொடியாய் உதிரும் ரப்பர் உறைக் கம்பிகளும் பல நாள் வேலையைக் குறிப்பவை.

‘நன்றாக ஓடுகிறது, இதோ பாருங்கள்’ என்று கடைக்காரர் மின்சாரத்தில் செருகப் போகிறார். விடலாமா?

வேண்டாம் என்று பணிவாகத் தடுத்துவிடுங்கள். பல ஆண்டுகள் உறங்கிய வால்வு வானொலிக்குத் திடீரென முழு மின்சாரம் கொடுப்பது, படுக்கையில் கிடந்த நோயாளியை எழுப்பி ஓடச் சொல்வதற்கு ஒப்பாகும்.

காரணம் மின்தேக்கிகள், பழுதுபார்ப்பவர்கள் கப்பாசிட்டர் என்பார்கள். அக்காலத்து மின்தேக்கிகளில் பல காகிதத்தையும் மெழுகையும் கொண்டு செய்யப்பட்டவை. நம் ஈரக் காற்றில் அறுபது ஆண்டுகள் இருந்தபின் அவை மின்சாரத்தைத் தடுத்து நிறுத்தும் தன்மையை இழந்து கசியவிடுகின்றன. அவற்றுள் ஒன்று, கடைசிக் கட்டத்து வால்வுக்கு ஒலிக்குறியைக் கடத்தும் மின்தேக்கி. அது கசிந்தால் அந்த வால்வு அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்துச் சூடேறும். ஒலிபெருக்கிக்கு முன்னுள்ள சிறு டிரான்ஸ்ஃபார்மரும் அதோடு சேர்ந்து போகும். சில காசு பெறும் உறுப்பு ஒன்றால் நூறு வெள்ளிப் பொருள் எரிவது இப்படித்தான். பெட்டி முதல் பத்து நிமிடம் அழகாகப் பாடிக்கொண்டே இது நடக்கலாம் என்பதால், கடையில் கேட்ட பாட்டை நல்ல சான்றாகக் கொள்ள முடியாது.

ஒரு பெட்டி ஆபத்தானதா என்பதை வால்வுகளின் எண்ணைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்கிறார்களே, உண்மையா?

பெருமளவுக்கு உண்மை. வாங்கப் போகும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டியது இது.

ஐரோப்பிய வால்வுகளின் பெயரில் முதல் எழுத்து அதன் இழைக்கு, அதாவது உள்ளே சூடேறும் மெல்லிய கம்பிக்கு, மின்சாரம் செல்லும் முறையைச் சொல்கிறது. இ.சி.எச்.81, இ.எல்.84 என்று ‘இ’யில் தொடங்கினால் இழைக்கு 6.3 வோல்ட், அத்தகைய பெட்டியில் பெரும்பாலும் முழுமையான டிரான்ஸ்ஃபார்மர் இருக்கும். யு.சி.எச்.81, யு.எல்.84, யு.ஒய்.85 என்று ‘யு’வில் தொடங்கினால் எல்லா இழைகளும் தொடராக இணைக்கப்பட்டு நேரே வீட்டு மின்சாரத்திலிருந்து எரிகின்றன. அமெரிக்கப் பெட்டிகளில் 12, 35, 50 என்ற எண்களில் தொடங்கும் வால்வுகள் கூடியிருந்தாலும் அதே பொருள்தான்.

இந்த ‘யு’ வகைப் பெட்டிகளில் மின்சாரத்தைப் பிரித்து நிறுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் இல்லை. உலோகச் சேசிஸ் நேரடியாக மின்கம்பியின் ஒரு முனையோடு இணைந்திருக்கிறது. செருகியில் கம்பிகள் இடம் மாறியிருந்தால் சேசிஸ் முழுவதும் 240 வோல்ட்டில் நிற்கும். குமிழைப் பிடித்து நிறுத்தும் சிறு திருகாணியைத் தொட்டாலே போதும். அதனால்தான் அக்காலத்தில் அந்தத் திருகாணிக் குழியை மெழுகால் மூடினார்கள். எழுபது ஆண்டுகளில் மெழுகும் போயிருக்கும், செருகியும் பலமுறை மாறியிருக்கும். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இத்தகைய பெட்டியை ஓட விடுவதை நான் ஆதரிப்பதில்லை. அலமாரியில் அழகுக்கு வைப்பதானால் மின்கம்பியையே வெட்டிவிடுவேன்.

‘டி’யில் தொடங்கும் டி.கே.96, டி.எல்.96 போன்றவை மின்கலப் பெட்டிகளுக்கு உரியவை. மின்சாரம் எட்டாத தோட்டங்களிலும் கம்பங்களிலும் (மலாய்க் கிராமங்களிலும்) ஓடியவை இவை. இழைக்கு ஒன்றரை வோல்ட்டும், அதற்கு மேல் 90 வோல்ட்டும் தரும் பெரிய மின்கலங்கள் இவற்றுக்கு வேண்டும். அந்த மின்கலங்கள் இன்று கடையில் இல்லை என்பதால் யாரும் இவற்றைச் சீண்டுவதில்லை, விலையும் குறைவு. எனக்கோ இவற்றின்மீதுதான் தனிப் பற்று. ஒன்பது வோல்ட் மின்கலங்கள் பத்தைத் தொடராகக் கோத்தால் 90 வோல்ட் கிடைத்துவிடும்.

வாங்கிக்கொண்டு வந்தாயிற்று. முதன்முதலில் எப்படி மின்சாரம் கொடுப்பது?

பழக்கம் இல்லாதவர் கொடுக்கவே கூடாது. உள்ளே 250 வோல்ட்டுக்கு மேல் உள்ள நேர்மின்சாரம், இணைப்பைத் துண்டித்த பின்னும் மின்தேக்கிகளில் தங்கியிருக்கும். தெரிந்தவரிடம் கொடுத்து, கசியும் மின்தேக்கிகளை மாற்றிய பிறகே ஓட்டச் சொல்லுங்கள்.

அவர்கள் செய்யும் முறையைத் தெரிந்துகொள்வதில் தவறில்லை. பின்பக்கத்தில் 110, 127, 220, 245 என்று எண்கள் எழுதிய, மின்னழுத்தத்தைத் தேர்ந்தெடுக்கும் திருகி ஒன்று இருந்தால், நம் மின்சாரத்துக்கு ஏற்ப அதை மேல் எண்ணில் வைப்பார்கள். பிறகு அறுபது வாட் இழை விளக்கு ஒன்றைத் தொடரில் இணைத்து அதன் வழியாகப் பெட்டிக்கு மின்சாரம் கொடுப்பார்கள். விளக்கு ஒரு கணம் ஒளிர்ந்து மங்கினால் உள்ளே குறுக்கிணைப்பு (ஷார்ட் சர்க்யூட்) இல்லை என்று நம்பலாம். பளீரென்று எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணைத்துவிட வேண்டும். இதற்கு எல்.இ.டி. விளக்கு உதவாது.

இந்தப் பெட்டியில் மின்னல் எஃப்எம் கேட்குமா?

இந்தக் கேள்வியை வாங்குவதற்கு முன் கேட்பவர்கள் குறைவு. முன்னர் ரேடியோ 6 என்று அழைக்கப்பட்ட, மலேசிய அரசின் தமிழ் நிலையமான மின்னல் இப்போது பண்பலையில் (எஃப்எம்) ஒலிக்கிறது, தனியார் தமிழ் நிலையமான ராகாவும் அப்படியே. 1950களின் பிரிட்டிஷ் ஏற்றுமதிப் பெட்டிகளில் பெரும்பாலானவற்றில் மத்திய அலையும் சிற்றலையும் மட்டுமே உண்டு. அவற்றில் எவ்வளவு திருகினாலும் பண்பலை வராது. ஜெர்மானியர்கள் 1949இலேயே பண்பலை ஒலிபரப்பைத் தொடங்கிவிட்டதால் குருண்டிக், டெலிஃபுங்கன் பெட்டிகளில் அது இருக்கும். ஆனால் அக்காலத்துப் பெட்டிகள் பல 100 மெகாஹெர்ட்ஸோடு நின்றுவிடுகின்றன. உங்கள் வட்டாரத்தில் நீங்கள் விரும்பும் நிலையம் அதற்கு மேல் இருந்தால் கிடைக்காது.

மத்திய அலையில் இரவு நேரத்தில் பினாங்கிலிருந்து தாய்லாந்து நிலையங்களைப் பிடிக்கலாம். சிற்றலையில் சீன வானொலியின் குரல் ஓங்கி ஒலிக்கும். நம்மவர்கள் ஒரு காலத்தில் காத்திருந்து கேட்ட பி.பி.சி. தமிழோசை, 1941இல் தொடங்கிய அந்த ஒலிபரப்பு, 2017இல் வானொலியில் நின்றுபோயிற்று.

இதற்கும் வழி பின்பக்கத்தில்தான் இருக்கிறது. பல பெட்டிகளில் இசைத்தட்டுக் கருவியை இணைக்க இரண்டு துளைகள் இருக்கும். டிரான்ஸ்ஃபார்மர் உள்ள, சரிபார்த்த பெட்டியாக இருந்தால் அத்துளைகளில் கைப்பேசியின் ஒலியைச் செலுத்தி, பழைய பாடலைப் பழைய ஒலிபெருக்கியிலேயே கேட்கலாம். ‘யு’ வகைப் பெட்டியில் மட்டும் இதை ஒருபோதும் செய்யாதீர்கள். சேசிஸின் மின்சாரம் கைப்பேசிக்கும், கைப்பேசியிலிருந்து கைக்கும் வந்து சேரும்.

உள்ளிருப்பதை எல்லாம் எடுத்துவிட்டு புளூடூத் ஒலிபெருக்கி வைத்துக்கொள்ளலாமா?

உங்கள் பொருள், உங்கள் விருப்பம். ஏற்கெனவே உள்ளே ஒன்றும் இல்லாத பெட்டியில் வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். முழுமையாக உள்ள பெட்டியைக் குடைவதானால், எடுத்த சேசிஸைக் குப்பையில் போடாமல் என்னைப் போன்ற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள்.

போலிகள் உண்டா?

பழைய தோற்றத்தில் புதிதாகச் செய்த பெட்டிகள் உண்டு. அவற்றைச் செய்தவர்கள் ஏமாற்றும் எண்ணத்தோடு செய்யவில்லை. பத்துக் கை மாறி, தூசி படிந்து, பழம்பொருள் கடையை அடையும்போது வயது கூடிவிடுகிறது. பின்பக்கத்தில் யு.எஸ்.பி. துளை இருந்தால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. இல்லாவிட்டாலும் மெல்லிய பிளாஸ்டிக் பின்மூடியும், தூக்கினால் எடையே இல்லாததும் காட்டிக்கொடுக்கும். உண்மையான வால்வு வானொலியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் வருவது முதுகுக்குத் தண்டனை.

பேக்கலைட் என்னும் பழங்காலப் பிளாஸ்டிக் என்று சொல்லி விற்கும் கரும்பழுப்புப் பெட்டிகளைச் சோதிக்க, மறைவான ஓரத்தில் கட்டைவிரலால் சூடேறும்வரை அழுத்தித் தேய்த்து விரலை முகருங்கள். மருத்துவமனைக் கழுவுநீரை நினைவூட்டும் பீனால் வாடை வந்தால் அது பேக்கலைட். சாதாரண பிளாஸ்டிக்கில் அந்த வாடை வராது.

இதைவிடப் பரவலானது கலப்புப் பெட்டி: ஒன்றின் கூடு, மற்றொன்றின் சேசிஸ், மூன்றாவதின் குமிழ்கள். முன்கண்ணாடியின் ஊசி ஓடும் தூரமும் கண்ணாடியில் எழுதிய அளவும் பொருந்துகின்றனவா என்று குமிழைத் திருகிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

எப்படிப் பேரம் பேசுவது?

தவுக்கேயிடம் (கடை முதலாளியிடம்) நேராக ‘போலே கூராங்?’, அதாவது ‘குறைக்க முடியுமா?’ என்று மலாயில் கேட்டால் பத்து சதவீதம் குறைப்பார். அது அவர் ஏற்கெனவே கூட்டி வைத்திருந்த பத்து. அதற்கு மேல் குறைய வேண்டுமானால் காரணம் வேண்டும், காரணம் பெட்டியின் பின்னால் இருக்கிறது. திறந்து பாருங்கள், கண்டதை அவர் பொருளை இழிவுபடுத்தும் தொனியில் சொல்லாமல், செய்ய வேண்டிய வேலையின் பட்டியலாகச் சொல்லுங்கள். ‘பாஸ், மின்தேக்கி எல்லாம் மாற்ற வேண்டும், இந்த வால்வு இல்லை, ஒலிபெருக்கிக் காகிதம் கிழிந்திருக்கிறது; கூலியோடு முந்நூறு ஆகும்’ என்று கணக்காகச் சொன்னால், வாங்கத் தெரிந்தவர் வந்திருக்கிறார் என்று அவருக்குப் புரியும். சென்ற ஆண்டு 850 வெள்ளி சொன்ன பிலிப்ஸ் ஒன்றை இப்படி 380க்கு வாங்கினேன். அதற்கு மூன்று முறை போய் வந்தேன், இரண்டு கோப்பைக் காப்பியும் அவரே வாங்கிக் கொடுத்தார். குறைக்க மாட்டேன் என்று நின்றவர்களும் பலர். அவர்களிடம் நன்றி சொல்லி வெளியே வந்துவிடுவேன். அலங்கரிப்பவர் யாரேனும் வந்து முழு விலைக்கு எடுத்துக்கொள்வார், கடையும் பிழைக்க வேண்டுமல்லவா.

உதிரி உறுப்புகளும் பழுதுபார்ப்பவர்களும்?

மின்தேக்கி, மின்தடை, உருகி போன்றவற்றுக்குக் கோலாலம்பூரில் புடுவை ஒட்டிய ஜாலான் பாசார் போதும். வால்வுகளை இணையவழி வெளிநாட்டிலிருந்து தருவிப்பதே எளிது. வால்வு அறிந்த பழுதுபார்ப்பவர்கள் அருகிவிட்டார்கள். சேகரிப்பாளர்களிடம் விசாரித்தால்தான் தெரியவரும்.

டிரான்சிஸ்டர் பெட்டிகளில் ஒன்றைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். 1960களின் பிரிட்டிஷ் பெட்டிகளில் ஏ.எஃப்.117 என்ற டிரான்சிஸ்டர் மிகுதியாகப் பயன்பட்டது. அதன் உலோக உறைக்குள் வெள்ளீயம் மயிரிழை போல் வளர்ந்து குறுக்கிணைப்பை உண்டாக்கிவிடுகிறது. பெட்டி ஊமையாகிவிட்டதென்று கழித்துக்கட்டியவற்றில் சில, அந்த ஒன்றை மாற்றியதும் பேசியிருக்கின்றன.

வாங்கியதை நம் ஈரத்தில் எப்படிப் பாதுகாப்பது?

ஓட்டுவதுதான். மாதம் இருமுறை அரை மணி நேரம் ஓடினால் உள்சூட்டில் ஈரம் வெளியேறும். சுவரோடு ஒட்டி வைக்க வேண்டாம். வால்வுச் சூடு வெளியேற இடம் வேண்டும். கண்ணாடியில் உள்ள எழுத்துகளை ஈரத்துணியால் துடைக்கவே கூடாது, எழுத்து துணியோடு வந்துவிடும்.

தாத்தா வைத்திருந்த பெட்டி வீட்டில் இருக்கிறது. கடைக்காரர் 150 வெள்ளிக்குக் கேட்கிறார். கொடுக்கலாமா?

அவர் அதையே துடைத்து 900க்கு வைப்பார் என்பது இவ்வளவு படித்த பிறகு உங்களுக்கே தெரிந்திருக்கும். கொடுப்பதற்கு முன் பின்மூடியை ஒருமுறை திறந்து பாருங்கள். விற்ற கடையின் சீட்டு உட்புறம் ஒட்டியிருக்கலாம். மின்தேக்கிகளின் மேலும் ஒலிபெருக்கியின் முதுகிலும் செய்த ஆண்டு அச்சிடப்பட்டிருக்கலாம். அக்காலத்தில் வானொலி வைத்திருக்க அரசாங்க உரிமம் வேண்டியிருந்தது. அந்த உரிமத் தாளை மடித்துப் பெட்டிக்குள் செருகி வைத்த குடும்பங்களும் உண்டு. சென்ற மாதம் பட்டர்வொர்த்திலிருந்து ஓர் அம்மாள் கொண்டுவந்த பெட்டியில் அவருடைய தந்தையின் பெயரில் அப்படி ஒரு தாள் இருந்தது. பெட்டி ஓடவில்லை, டிரான்ஸ்ஃபார்மர் எரிந்திருந்தது. தாளை மட்டும் எடுத்துக்கொண்டு பெட்டியைக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். சற்று நேரம் யோசித்துவிட்டு, இரண்டையும் திரும்பக் காரில் ஏற்றச் சொன்னார்.